கிளினிக்கிலிருந்து மருந்துக்கடைக்கு: ஓபியாய்டு சிகிச்சையில் இருப்பவர்களை மாற்றுவதற்கு முன்

ஒரு சின்னக் கோப்பையில் மெத்தடோன்: ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களுக்குத் தரப்படும் மாற்று மருந்து. குடித்து முடிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்காக ஒருவர் தினமும் காலையில் பஸ் பிடித்து, அரசு கிளினிக் மருந்து கொடுக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, செவிலியர் கண்முன்னே குடித்து, மருந்து உள்ளே இறங்கிவிட்டதைக் காட்ட ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். மறுநாளும் இதேதான். அடுத்த வருடமும் இதேதான். ஹெராயினை விட்டு வேலைக்குப் போகிற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது இந்த மருந்து. இதை வாங்கப் போவதால்தான் இப்போது அவரால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை.

அதனால்தான் பல நாடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது: இவர்களை வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மருந்துக்கடைக்கு மாற்றிவிடலாமா? மாற்றலாம், பெரும்பாலானவர்களை மாற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாற்றுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒருவர் சிகிச்சையில் நிலைப்பாரா, நடுவழியில் நழுவிப்போவாரா என்பது எந்த வழியில் மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. திரும்பி வரும் கதவைத் திறந்து வைக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

நழுவிப்போவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? 2017இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டது. மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 11.3 இறப்புகள். சிகிச்சையை விட்டு வெளியே இருக்கும் காலத்தில் அதுவே 36.1. இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான புப்ரெனார்பினில் 4.3, விலகியிருக்கும்போது 9.5. (இந்த இரண்டு மருந்துகளின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல.) சிகிச்சை நின்ற முதல் நான்கு வாரங்கள் குறிப்பாக ஆபத்தானவை. உடல் பழக்கப்பட்டிருந்த தாங்குதிறன் குறைந்திருக்கும், ஆனால் பழைய அளவு மனதில் அப்படியே இருக்கும். ஆகவே மாற்றத்தின்போது யாராவது விடுபட்டுப் போனால் அதை வெறும் நிர்வாகக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கிளினிக் எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது

மெத்தடோன் கிளினிக்கோடு பிணைக்கப்பட்டதற்கு வரலாறு உண்டு. 1960களின் நடுவில் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் இந்தச் சிகிச்சையை உருவாக்கியபோது மருத்துவமனையில் வைத்தே தொடங்கினார்கள். 1970களில் அமெரிக்க விதிமுறைகள் அதைத் தனி உரிமம் பெற்ற மையங்களுக்குள் பூட்டி வைத்தன. இன்றும் அங்கே அடிமைப்பழக்கச் சிகிச்சைக்கான மெத்தடோனைச் சாதாரண மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்க முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் முடியும்.

கிளினிக்கின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முக்கியமாக, தொடக்க வாரங்களில் அதற்கு ஈடு கிடையாது. மெத்தடோன் உடலில் மெதுவாகச் சேரும் மருந்து. முதல் நாள் போதாதது போலத் தோன்றும் அளவு, நான்காம் ஐந்தாம் நாளில் தூக்கத்திலேயே மூச்சை ஒடுக்கிவிடலாம். தினமும் முகத்தைப் பார்த்து, கண் சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனிக்கும் ஒரு செவிலியர் இருப்பது அந்த நாட்களில் உயிரைக் காக்கும். அப்புறம் அதே கூரையின் கீழ் மருத்துவர் இருக்கிறார். ஹெபடைடிஸ் சி பரிசோதனை, புண்ணுக்குக் கட்டு, மன நல ஆலோசனை, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வீடில்லாத ஒருவருக்கு அந்த நாளில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் மருந்து கொடுக்கும் செவிலியராகக்கூட இருக்கலாம்.

எடுத்துக்கொள்வது நேரத்தை மட்டும் அல்ல. கிளினிக் வாசலில் தினமும் கூடுகிறவர்கள் பழைய கூட்டாளிகள். விற்பவனுக்கும் அந்த வாசல் தெரியும். விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிற பழக்கத்தின் நடுவிலேயே ஒருவரைத் தினமும் நிறுத்தி வைக்கிறோம். இன்னொன்று, கிளினிக்கில் இடம் நிரம்பிப்போனால் வெளியே காத்திருப்பவருக்குச் சிகிச்சை தொடங்காது. பத்து வருடமாக ஒரே டோஸில் நலமாக இருப்பவர் ஒரு இடத்தைப் பிடித்திருக்க, நேற்று அதிக அளவு எடுத்து மயங்கி விழுந்து பிழைத்தவர் பெயர் பட்டியலில் காத்திருக்கிறது. "எல்லாரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்ற முதல் தேர்வை நான் ஏற்காததற்கு இதுவே பெரிய காரணம்.

மருந்துக்கடை

பக்கத்துத் தெரு. சனி ஞாயிறும் திறந்திருக்கும், மாலையிலும் திறந்திருக்கும். ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவரும் சளி மருந்து வாங்குகிறவரும் நிற்கிற அதே கவுன்டரில் இவரும் நிற்கிறார். சிகிச்சை வாழ்க்கையின் ஒரு ஓரத்துக்குப் போய்விடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே கவுன்டர் அவமானமாகவும் ஆகலாம். தெரிந்தவர் பார்க்க, எல்லார் முன்னாலும் கோப்பையைக் குடிக்கச் சொன்னால் எத்தனை பேர் இரண்டாம் வாரமும் வருவார்கள்? தனியாக ஒரு அறை வேண்டும், குறைந்தபட்சம் ஒரு தடுப்பாவது வேண்டும். புப்ரெனார்பின் மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் ஒருவர் எங்கே உட்காருவார், யார் கவனிப்பார் என்பதைக் கடை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

பல மருந்துக்கடைகளில் பணியில் இருப்பது ஒரே ஒரு மருந்தாளுநர். சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் மருத்துவர் இல்லை. சில கடைகள் இந்த நோயாளிகளே வேண்டாம் என்று சொல்லிவிடும். சேர்த்துக்கொண்ட கடை ஒருநாள் திட்டத்திலிருந்து விலகினால், அதை நம்பியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். கிராமப்புறத்தில் அந்த "வேறு இடம்" இருக்கவே இருக்காது.

பணம்தான் பலரும் மேலோட்டமாகப் பேசிவிட்டுக் கடக்கிற இடம். அரசு கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்தது, மருந்துக்கடையில் கட்டணமாக மாறலாம். ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. மருந்துக்கான செலவை மத்திய அரசு ஏற்றது. ஆனால் தினமும் அளந்து கொடுத்துக் கவனிக்கும் வேலைக்கு மருந்துக்கடைகள் நோயாளியிடமே பணம் வாங்கின. வருமானம் குறைந்தவர்களுக்கு அது வாராவாரம் பெரிய சுமை. பாக்கி ஏறினால் சிகிச்சையே ஆட்டம் கண்டது. 2023 ஜூலை 1 முதல் அந்த நாடு முறையை மாற்றியது. இந்த மருந்துகள் தேசிய மருந்து மானியத் திட்டத்தின் வழக்கமான வழிக்குள் வந்தன. நோயாளி மற்ற மருந்துகளுக்குக் கட்டுவது போன்ற ஒரே பங்குத் தொகையை 28 நாள் வரையிலான மருந்துக்குக் கட்டினால் போதும். அளந்து கொடுக்கும் வேலைக்கு அரசே மருந்துக்கடைக்குப் பணம் தருகிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: யார் பணம் கட்டுவது என்று முடிவாகும் முன் ஒரு நோயாளியைக்கூட மாற்றக் கூடாது. கிளினிக்கின் செலவு குறைந்தது என்று அரசு கணக்கு எழுதும்போது, அந்தச் செலவு நோயாளியின் சட்டைப் பைக்கு இடம் மாறியிருந்தால் அதைச் சேமிப்பு என்று சொல்வது நியாயமில்லை.

நிலைபெற்ற பின் மாற்றுவது

பெரும்பாலான திட்டங்கள் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. கிளினிக்கில் தொடங்கு, டோஸ் சரியாக அமையட்டும், அப்புறம் ஊர் மருத்துவரிடமும் மருந்துக்கடையிடமும் ஒப்படை. பிரான்ஸில் மெத்தடோனுக்கு நெடுங்காலம் இதுதான் விதி. மெத்தடோன் விஷயத்தில் எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது, ஒரு திருத்தத்தோடு.

"நிலைபெற்றவர்" என்பதற்கு வழக்கமான அளவுகோல்கள் உண்டு: சில வாரங்களாக டோஸ் மாறவில்லை, நாள் தவறாமல் வருகிறார், போதையில் வருவதில்லை, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம், வீட்டில் மருந்தைப் பத்திரமாக வைக்க வசதி இருக்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. நாள் தவறுகிறவர் ஏன் தவறுகிறார்? இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருப்பதால் தவறலாம். குழந்தையைப் பள்ளியில் விடும் நேரமும் கிளினிக் நேரமும் ஒன்றாக இருப்பதால் தவறலாம். அவரைப் பார்த்து "நீ இன்னும் நிலைபெறவில்லை, ஆகவே தூரத்துக் கிளினிக்குக்கே வா" என்கிறோம். தடுமாற்றத்துக்குக் காரணமான தூரத்தையே தடுமாற்றத்துக்குத் தண்டனையாகத் தருகிறோம். எனவே வருகைப் பதிவை மட்டும் பார்க்காமல், வராததற்கான காரணத்தையும் கேட்க வேண்டும். தூரமும் நேரமும்தான் காரணம் என்றால் அவரைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், தினமும் மருந்தாளுநர் முன்னிலையில் குடிக்கிற ஏற்பாட்டோடு. மருந்துக்கடைக்கு மாற்றுவதும் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவதும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்து ஒரே பரிசாக வைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் டோஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் கொடுத்தால் இறப்பு கூடும் என்ற பயம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கோவிட் காலத்தில் இதற்கு ஒரு பெரிய சோதனை நடந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்கா நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரையும், மற்றவர்களுக்கு 14 நாள் வரையும் மருந்தை வீட்டுக்குக் கொடுக்க அனுமதித்தது. அதற்குப் பிந்தைய ஆய்வு ஒன்றில், போதைப்பொருளை அளவு மீறி எடுத்ததால் நேர்ந்த இறப்புகளில் மெத்தடோன் காணப்பட்டவற்றின் பங்கு 2019இல் 4.5 சதவீதமாக இருந்தது 2021இல் 3.2 ஆகக் குறைந்திருந்தது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனிலால் மொத்த இறப்புகள் பெருகிய காலம் அது என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சதவீதத்தைப் படிக்க வேண்டும். ஆனாலும் பயந்தபடி நடக்கவில்லை. அந்தத் தளர்வு 2024இல் நிரந்தர விதியானது. இதனால் கவனம் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு பெரியவரின் ஒரு நாள் டோஸ் ஒரு குழந்தையைக் கொன்றுவிடும். பூட்டு உள்ள பெட்டி, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி, வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் நலாக்சோன் (ஓபியாய்டு அளவு மீறினால் மூச்சை மீட்கும் மருந்து): இந்த மூன்றும் மருந்தோடு கூடவே போக வேண்டும்.

நேராக மருந்துக்கடையிலேயே தொடங்குவது

இதைக் கேட்டதும் பலர் கூடாது என்று தலையை ஆட்டிவிடுவார்கள். மெத்தடோனுக்கு நானும் அப்படித்தான். புப்ரெனார்பினுக்கு வேறு கணக்கு. அது ஓரளவுக்கு மேல் மூச்சை ஒடுக்காது, தனியாக எடுத்துக்கொள்ளும்போது ஆபத்து குறைவு. மதுவோ தூக்க மாத்திரையோ கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

பிரான்ஸ் 1996இல் சாதாரண ஊர் மருத்துவர்களே புப்ரெனார்பின் எழுதிக் கொடுக்கவும், மருந்துக்கடையில் வாங்கவும் வழி செய்தது. 1995க்கும் 1999க்கும் இடையே அங்கே போதைப்பொருளை அளவு மீறி எடுத்ததால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. மெத்தடோனும் அதே ஆண்டுகளில் பரவியது, சுத்தமான ஊசிகளும் கிடைத்தன, ஆகவே முழுப் புகழையும் ஒரே மாற்றத்துக்குக் கொடுக்க முடியாது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள். அந்த விலையும் கொடுக்கப்பட்டது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்த சோதனை சிறியது, ஆனால் யோசிக்க வைப்பது. முடிவுகள் 2023இல் வெளிவந்தன. பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள், மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புப்ரெனார்பினைத் தாங்களே தொடங்கிவைத்தார்கள். மருந்து சரியாக அமைந்த 58 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருந்துக்கடையிலேயே தொடர்ந்த 28 பேரில் 25 பேர் ஒரு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். வழக்கமான கிளினிக்குக்கு அனுப்பப்பட்ட 30 பேரில் 5 பேர்தான் இருந்தார்கள். 58 பேரை வைத்து ஒரு நாட்டின் கொள்கையை எழுத முடியாது. ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தவரை வேறு இடத்துக்குக் கைமாற்றுவதே எவ்வளவு பேரை இழக்க வைக்கும் என்பதை இது காட்டுகிறது. இங்கே கைமாற்றம் மருந்துக்கடையிலிருந்து கிளினிக்குக்கு. எதிர்த் திசையில் மாற்றும்போதும் அதே பள்ளம் காத்திருக்கும் என்று எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

மாதம் ஒரு ஊசி

நீண்ட நாள் வேலை செய்யும் புப்ரெனார்பின் ஊசி 2017 முதல் ஒவ்வொரு நாடாகப் புழக்கத்துக்கு வந்தது. வாரம் ஒரு முறை போடும் வகையும் மாதம் ஒரு முறை போடும் வகையும் உண்டு. தினசரி வரிசை, வீட்டு டோஸ், பூட்டுப் பெட்டி எல்லாக் கேள்விகளையும் ஒரே வீச்சில் ஓரம் தள்ளிவிடுகிறது. வேலைக்குப் போகிறவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் இது பெரிய விடுதலை.

சரி, அப்படியானால் எல்லாருக்கும் ஊசி போட்டுவிடலாமே? முடியாது. மெத்தடோனில் நலமாக இருக்கும் பலருக்குப் புப்ரெனார்பின் போதுவதில்லை. அதிக டோஸ் மெத்தடோனிலிருந்து அதற்கு மாறுவதே கடினமான சில நாட்கள். கிளினிக்கைக் காலி செய்வதற்காக "ஊசிக்கு மாறுங்கள்" என்று அழுத்தம் கொடுப்பதை எந்தக் காரணத்தாலும் நான் ஏற்க மாட்டேன். அப்புறம் தினமும் பார்க்கிற முகம் மாதம் ஒருமுறை ஆகிவிடும்போது தனிமையில் இருப்பவர்கள் இழப்பது அதிகம்.

ஆக, என் தேர்வு கலவையானது. மெத்தடோனைக் கிளினிக்கில் தொடங்கி, இப்போது வழக்கத்தில் இருப்பதைவிடத் தளர்வான அளவுகோலோடு மருந்துக்கடைக்கு மாற்றலாம். புப்ரெனார்பினை, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கும் இடங்களில் கிளினிக் பக்கமே போகாமல் தொடங்கலாம். ஊசியைக் கேட்கிறவருக்குக் கொடுக்கலாம். மதுவும் தூக்க மாத்திரையும் கலக்கிறவர்கள், மனநோய் முற்றியிருப்பவர்கள், கிளினிக்கைத் தவிர வேறு உதவி இல்லாதவர்கள், மாற விரும்பாதவர்கள் ஆகியோர் கிளினிக்கிலேயே இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன காரணம் ஒன்றே போதுமானது.

கைமாற்றும் நாள்

எந்த வழியை எடுத்தாலும் எல்லாம் கெட்டுப்போவது இந்த நாளில்தான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

கிளினிக்கில் கடைசி டோஸ் வெள்ளிக்கிழமை, மருந்துக்கடையில் முதல் டோஸ் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். சீட்டு இன்னும் வந்து சேரவில்லை. கிளினிக் அலுவலகம் மூடியிருக்கிறது. மருந்தாளுநர் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. திங்கள்கிழமை வரை அவர் என்ன செய்வார்? என்ன செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு: கிளினிக் பெயரை நீக்க மறந்து, ஒரே நாளில் இரண்டு இடத்திலும் டோஸ் கொடுத்துவிடுவது. மெத்தடோனில் அது உயிரை எடுக்கக்கூடிய தவறு.

அளவும் குழப்பும். மெத்தடோன் திரவம் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. ஒரு மில்லி லிட்டரில் 1 மில்லி கிராம் உள்ளதும் உண்டு, 5 உள்ளதும் உண்டு, 10 உள்ளதும் உண்டு. 80 மில்லி கிராம் டோஸ் ஒன்றில் 80 மில்லி லிட்டர், இன்னொன்றில் 16, மற்றொன்றில் 8. "நான் 16 குடிக்கிறேன்" என்று நோயாளி சொன்னால் அது எந்தப் பதினாறு? கிளினிக்கின் கடிதத்தில் மில்லி கிராம், அடர்த்தி, கடைசி டோஸ் கொடுத்த நாளும் நேரமும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவை, அண்மையில் தவறிய நாட்கள், அடையாளத்துக்குப் புகைப்படம் எல்லாம் இருக்க வேண்டும். கடிதம் நோயாளிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்குப் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. கேட்கச் சொல்கிறோம், சரி. யாரிடம்? மருந்தாளுநர் போன் செய்தால் அன்றே எடுத்துப் பதில் சொல்ல ஒரு ஆள் கிளினிக்கில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் மருந்தாளுநர் பழைய டோஸைக் கொடுத்து ஆபத்தை ஏற்றுக்கொள்வார், அல்லது கொடுக்காமல் அனுப்பிவிடுவார். இரண்டு முடிவையும் அவர் தலையில் கட்டுவது சரியல்ல. கிளினிக்கில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியை இந்தப் போனுக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

திரும்பி வரும் கதவும் மிச்சமாகும் அதே நேரத்திலிருந்துதான் வர வேண்டும். மாறியவர் சறுக்கினால், கர்ப்பமானால், சிறைக்குப் போய் வந்தால், கடை அவரைக் கைவிட்டால், காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் கிளினிக் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சில இடங்களைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது வீணான இடமாகத் தெரியும். பத்து வருடமாக வந்துபோகும் ஒருவரிடம் "மருந்துக்கடைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால் பல நேரம் தயக்கம்தான் பதிலாக வரும். கடையைப் பற்றிய பயத்தைவிட, போனபின் இங்கே இடம் இருக்காதோ என்ற பயம் அதில் அதிகம். இரண்டு வாரம் போய்ப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தால், அந்தத் தயக்கத்தில் பாதி அங்கேயே கரையும்.

நாள் குறிப்பதானால் செவ்வாய் அல்லது புதன். மறுநாளும் அதற்கு மறுநாளும் இரண்டு இடமும் திறந்திருக்கும். முதல் நாள் மாலையில் அவரை நன்றாகத் தெரிந்த செவிலியர் மருந்துக்கடைக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இன்று வந்தாரா?